விஸ்வரூபமும் விலக்குண்ட அட்டையும்: கேரி தீவு ஒட்டுக்கடை வழக்காறுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

ஒரே சாயலில் அட்டை போட்ட இரண்டு ராக் ஆல்பங்களில் எது உயர்ந்தது என்ற வினாவைத் தமிழாய்வுலகம் இதுநாள்வரை தொடவில்லை. நிதி இல்லை என்று சாக்குச் சொல்லவும் முடியாது. ஆளுக்கொரு தே தாரிக், நடுவில் ஒரு தட்டு வடை. இதற்குமேல் இவ்வாய்வுக்குச் செலவே கிடையாது. சங்க இலக்கியத்தில் கொக்கு எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணிப் பட்டம் வாங்க ஆளிருக்கும் நாட்டில் இந்தத் துறை மட்டும் அனாதையாகக் கிடப்பது முறையன்று.

ஆய்வுக்களம் கேரி தீவு. சிலாங்கூரின் கோலலங்காட் மாவட்டத்தில், லங்காட் ஆறு நிலத்திலிருந்து பிரித்து வைத்திருக்கும் துண்டு. எட்வர்ட் வேலன்டைன் கேரி என்ற வெள்ளைக்காரத் துரையின் பெயர் ஒட்டிக்கொண்டது. தீவு என்று பெயரே தவிர, பாலம் இருப்பதால் படகேறத் தேவையில்லை. தெலுக் பங்ளிமா காராங் பக்கமிருந்து மோட்டாரிலேயே போய்விடலாம். எங்கு பார்த்தாலும் செம்பனை. தகவலாளர்கள் மூவர்: ஓய்வுபெற்ற தோட்டத்துக் கிராணி, மோட்டார் பட்டறை வைத்திருக்கும் அண்ணன், பழக்குலை லோரி ஓட்டும் தம்பி. பெயர்களை வெளியிட ஆய்வு நெறி இடந்தரவில்லை. தவிரவும், மூவரில் இருவருக்கு நாங்கள் கூடிப் பேசும் ஒட்டுக்கடையில் பழைய பாக்கி இருக்கிறது.

முதலில் சான்றுகளின் நம்பகத்தன்மை. இசைத்தட்டின் அட்டை பன்னிரண்டு அங்குலச் சதுரம். ஆனால் தோட்டத்துக்குள் ராக் வந்தது இசைத்தட்டாக அல்ல. பந்திங், கிள்ளான் பசார் மாலாம் இரவுச் சந்தைகளில் விற்ற காசெட்டாக. காசெட்டின் உறையோ நெட்டுவாக்கில் உள்ள சிறு செவ்வகம். சதுரத்தை அதற்குள் அடைக்க இரண்டே வழிதான்: எறும்பளவுக்குச் சுருக்கலாம், அல்லது பக்கவாட்டில் வெட்டலாம். 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் வருவதற்கு முந்திய திருட்டுக் காசெட்டுக்காரர்கள் கத்தரிக்கோலையே பெரிதும் நம்பினார்கள். பட்டறை அண்ணன் வாங்கிய 'அபி ரோட்'டில், வரிசையின் கடைசியில் நடந்து வரும் ஜார்ஜ் ஹாரிசன் வெட்டுப்பட்டுப் போனார். "பீட்டில்ஸ் மூணு பேருதான்னு ரொம்ப நாளா நெனச்சேன்" என்று அவர் வாக்குமூலம் அளித்தார். பாட வேறுபாடு பற்றிப் பேசும் சுவடிப் பதிப்பாசிரியர்கள் இதை ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

கோட்பாட்டுக்கு நாம் மேற்கே போக வேண்டியதில்லை. உவமை வினை, பயன், மெய், உரு என நான்கின் வழி வரும் என்று தொல்காப்பியர் வகுத்துவிட்டார். அவர் ராக் கேட்டதற்குச் சான்று கிடைக்கவில்லை. இருப்பினும் வகைப்பாடு அப்படியே பொருந்துகிறது.

வினையொப்புக்கு அந்த 'அபி ரோட்'டே சான்று. 1969 ஆகஸ்ட் 8 அன்று இயன் மெக்மில்லன் நடுத்தெருவில் ஏணி போட்டு ஏறி நின்று ஆறே படம் எடுத்தார். அதன்பின் உலகத்தில் நான்கு பேர் வரிசையாகச் சாலையைக் கடந்தாலே அது பீட்டில்ஸ் ஆகிவிட்டது. 1988-இல் ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ் குழுவினர் அதே பாதசாரிக் கோட்டில் காலுறை மட்டும் அணிந்து நடந்தார்கள். அந்தக் காலுறையும் காலில் இல்லை. கிராணி இந்த அட்டையை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார்.

உரு என்றால் நிறம். எல்விஸ் பிரெஸ்லியின் 1956 ஆல்பத்தில் இடப்பக்கம் மேலிருந்து கீழாக இளஞ்சிவப்பில் ஒரு பெயர், அடியில் பச்சையில் ஒரு பெயர். 1979-இல் த கிளாஷ் குழுவின் 'லண்டன் காலிங்' அதே இளஞ்சிவப்பு, அதே பச்சை, அதே இடம். எல்விஸ் கிதாரை வாசிக்கிறார். பால் சைமனன் கிதாரைத் தரையில் அடித்து உடைக்கிறார். லோரித் தம்பிக்கு இரண்டாவதுதான் உசத்தி. காரணம் கேட்டதற்கு, "உடைக்கிறாம்ல, அதான்" என்றார். இதைவிடத் தெளிவான விமரிசனத்தை நான் எந்தக் கருத்தரங்கிலும் கேட்டதில்லை.

மெய்யொப்பு, அதாவது வடிவம்: இருட்டில் நான்கு முகம். பீட்டில்ஸ் 1963-இல் செய்தது, குவீன் 1974-இல் செய்தது. இது பற்றி மூவருக்கும் கருத்து வேறுபாடு இல்லாததால் ஆய்வுக்கு உதவவில்லை. பயனொப்பைக் கம்பெனிக்காரர்களிடம் விட்டுவிடுவோம்.

இனி மையப் பொருள். 1967 டிசம்பரில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் வெளியிட்ட 'ஆக்சிஸ்: போல்ட் அஸ் லவ்'. இதன் அட்டை இன்னொரு ராக் ஆல்பத்தைப் போல இல்லை. கிராணி வீட்டுச் சாமி மேடையில் இருக்கும் படத்தைப் போல இருக்கிறது. இருக்காதா பின்னே? கடைகளில் விற்ற விஸ்வரூப விஷ்ணு அச்சுப்படம் ஒன்றை எடுத்து, கார்ல் ஃபெரிஸ் பிடித்த புகைப்படத்தை வைத்து ரோஜர் லா என்பவர் ஹெண்ட்ரிக்ஸையும் கூட்டாளிகள் இருவரையும் நடுவில் வரைந்து சேர்த்தார். சுற்றிலும் தெய்வ முகங்களும் கைகளும் அப்படியே இருக்க, நடுவில் மட்டும் பம்பைத் தலை. ஹெண்ட்ரிக்ஸுக்கே இது பிடிக்கவில்லை. தன் பூர்வீகத்தில் செவ்விந்தியர்கள் உண்டு, அதைக் காட்டியிருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும் என்பது அவர் குறை. ஆனால் அவரிடம் யாரும் முன்கூட்டிக் கேட்கவில்லை. அவரும் அப்போது வேறு கவலையில் இருந்தார். முதல் பக்கத்து மூல ஒலிநாடாவை லண்டன் டாக்சியில் மறந்து வைத்துவிட்டதால், அந்தப் பக்கம் முழுவதையும் ஒரே இரவில் மறுபடி கலவை செய்ய வேண்டி வந்தது.

நாற்பத்தேழு ஆண்டுகள் கழித்து, 2014-இல், மலேசிய உள்துறை அமைச்சு இந்த அட்டைப் படத்தைத் தடை செய்தது. இந்துக்களின் மனம் புண்படும் என்பது காரணம். ஹெண்ட்ரிக்ஸ் 1970-லேயே காலமாகிவிட்டதால் விளக்கம் கேட்கப்படவில்லை.

தடை சரியா என்ற வாதம் ஒட்டுக்கடையில் இன்றும் ஓயவில்லை. கிராணி கட்சி தெளிவானது.

"சாமி ஒடம்புல மனுசன் மூஞ்சிய ஒட்டுனா அதுக்குப் பேரு கலையா?"

பட்டறை அண்ணன் கிளாஸைக் கீழே வைத்தார். "ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. ஒங்க வீட்டு முன்கூடத்துல புல்லாங்குழல் வச்சிக்கிட்டு ஒரு கிருஷ்ணர் இருக்காரே, அது யாரு?"

"கிருஷ்ணரு."

"மூஞ்சி யாரோடது?"

கிராணி வடையில் கவனம் செலுத்தினார். மூஞ்சி என்.டி. ராமராவுடையது. 1957-இல் 'மாயா பஜார்' வந்ததிலிருந்து ஆந்திராவில் மட்டுமல்ல, தமிழர் வீடுகளிலும் பல சுவர்களில் கிருஷ்ணர் அந்த முகத்தோடுதான் இருக்கிறார், சூடமும் காட்டப்படுகிறது. ஆக, மனித முகம் குற்றமில்லை. எந்த மனிதர் என்பதுதான் பிரச்சினை. இதற்குக் கிராணி பின்னர் எழுப்பிய மறுப்பையும் நேர்மையாகப் பதிவு செய்கிறேன்: "ராமராவ் வேசம் போட்டுக்கிட்டு வந்தாருய்யா. இவன் முடியக்கூட சீவாம வந்திருக்கான்." தயாரிப்பு முயற்சியின் அளவே பக்தியின் அளவு என்னும் இக்கோட்பாடு மேலும் ஆராயத்தக்கது.

தன் பங்குக்குக் கிராணி கொண்டாடும் ஆல்பம் பீட்டில்ஸின் 'சார்ஜெண்ட் பெப்பர்' (1967). கிள்ளான் ஆங்கிலப் பள்ளியில் படித்த காலத்துப் பிடிப்பு. பீட்டர் பிளேக், ஜேன் ஹாவொர்த் தம்பதி அமைத்த அந்தக் கூட்டப் படத்தை லோரித் தம்பி கைப்பேசியில் பெரிதாக்கிக் காட்டியபோது ஆய்வு எதிர்பாராத திசையில் திரும்பியது. கூட்டத்தில் ஜார்ஜ் ஹாரிசன் சேர்க்கச் சொன்ன யோகிகள் நால்வர். அவர்களில் ஒருவர் மகாவதார் பாபாஜி. "அண்ணே, ரஜினி 'பாபா' படத்துல வருவாருல்ல, அவரு!" என்று தம்பி துள்ளினார். காந்தியும் அங்கே நின்றிருக்க வேண்டியவர். இந்திய விற்பனை கெட்டுவிடுமோ என்று அஞ்சிய ஈ.எம்.ஐ. கம்பெனி அவரை நீக்கச் சொல்லிவிட்டது. இதெல்லாம் பரவாயில்லை. கீழே, பூக்களுக்கு நடுவே, நான்கு கையோடு ஒரு சிறு பொம்மை. மகாலட்சுமி.

சில நிமிடம் யாரும் பேசவில்லை. புருசனுக்குத் தடை, பெண்டாட்டிக்கு அனுமதி என்ற முரண்பாட்டை முதலில் வாய்விட்டுச் சொன்னவர் கடைக்காரர்.

ஆனால் 'சார்ஜெண்ட் பெப்பர்' இந்நாட்டுக்குள் சேதாரமில்லாமல் வந்ததாக எண்ணிவிடக் கூடாது. மலேசியாவிலும் ஹாங்காங்கிலும் வெளியான பதிப்பில் மூன்று பாடல்கள் இல்லை. போதைப்பொருள் வாடை அடிக்கிறது என்று 'லூசி இன் த ஸ்கை வித் டைமண்ட்ஸ்' உட்பட மூன்றையும் தூக்கிவிட்டு வேறு பாடல்களைச் செருகினார்கள். பீட்டில்ஸிடம் பாட்டைப் பறித்து அட்டையை விட்டார்கள். ஹெண்ட்ரிக்ஸிடம் அட்டையைப் பறித்துப் பாட்டை விட்டார்கள். இரண்டையும் ஒருசேர வைத்துக்கொள்ளும் பேறு மலேசிய ரசிகனுக்கு எளிதில் வாய்ப்பதில்லை என்பது இக்கட்டுரையின் முதல் முடிபு.

இரண்டாம் முடிபுக்கு ஃபிராங்க் ஸாப்பா உதவுகிறார். 1968-இல் வெளியான தம் ஆல்பத்துக்காக அவர் 'சார்ஜெண்ட் பெப்பர்' அட்டையைக் கேலி செய்து, அதே போன்ற ஒரு கூட்டத்தை நிறுத்திப் படமெடுக்க வைத்தார். வழக்கு வருமோ என்று பயந்த கம்பெனி, உறையின் உட்பக்கத்தை வெளியேயும் வெளிப்பக்கத்தை உள்ளேயும் வைத்து விற்றது. கூட்டத்தில் பெரும்பாலோர் ஒட்டுப்படங்கள். நேரில் வந்து நின்ற ஆசாமிகளில் ஒருவர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ். ஆகவே, லட்சுமி நிற்கும் அட்டையைப் பார்த்துச் செய்த அட்டையில் ஹெண்ட்ரிக்ஸ் நிற்கிறார். ஹெண்ட்ரிக்ஸ் நிற்கும் இன்னோர் அட்டையில் விஷ்ணு இருக்கிறார். ராக் வரலாற்றின் ஒப்புமைச் சங்கிலி தாயாரில் தொடங்கிப் பெருமாளில் முடிகிறது. வைணவ அன்பர்கள் இதை மேலெடுத்துச் செல்லலாம்.

தொல்காப்பியர் வகுக்காமல் விட்ட ஐந்தாம் வகை ஒன்றும் கேரி தீவில் கிடைத்தது. சுங்கை பும்புன் கம்பத்தில் வாழும் மா மெரி மக்கள் பூலாய் மரத்தில் முகமூடி செதுக்குகிறார்கள்; ஒவ்வொன்றும் ஒரு மோயாங், மூதாதை ஆவி. கிங் கிரிம்சனின் 1969 ஆல்பத்தில் பேரி காட்பர் தீட்டிய, வாய் பிளந்து அலறும் சிவந்த முகத்தைக் கண்டதும் லோரித் தம்பி, "இது நம்ம கம்பத்துல பாத்த மூஞ்சியாச்சே" என்றார். காட்பர் கணினி நிரல் எழுதியவர். அந்த ஆல்பம் வந்து சில மாதங்களில், இருபத்து நான்கு வயதில் இறந்துபோனார். இவர் அவர்களைப் பார்த்ததுமில்லை, அவர்கள் இவரைக் கேள்விப்பட்டதுமில்லை. இதைக் 'கடன்படா ஒப்பு' எனலாம். கம்பத்தில் ஒரே மோயாங்கை இரண்டு கைகள் செதுக்கினால் எது அசல் என்று எவரும் சண்டைக்குப் போவதில்லை. அந்தப் பக்குவம் ஒட்டுக்கடைக்கு இன்னும் வரவில்லை.

எஞ்சியது ஒன்றே: பட்டறை அண்ணன் இத்தனை காலம் வரிந்துகட்டி ஆதரித்த 'ஆக்சிஸ்' சட்டப்படி அவர் வீட்டில் இருக்கலாமா? சான்றுப் பொருளை நேரில் பார்க்காமல் முடிவு சொல்லக் கூடாதென்பதால் கொண்டுவரச் சொன்னோம். ஸ்பேனர்களுக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் டின் வந்தது, அதற்குள் காசெட். ஒலிநாடாவில் ஹெண்ட்ரிக்ஸ் ஐயமற இருந்தார். உறையில் விஷ்ணுவும் இல்லை, ஹெண்ட்ரிக்ஸும் இல்லை. சுருட்டை முடிதான் அடையாளம் என்று நினைத்த யாரோ ஒரு காசெட் வியாபாரி, நம் பினாங்குத் தமிழ்ச் சகோதரர்கள் டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் இருவரின் அலிகேட்ஸ் குழுப் படத்தைச் செருகியிருந்தார்.

கிராணி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது நல்ல அட்டை. ரெண்டு நாளைக்குக் குடுத்து வையி."