மோதிரத்தைக் கழற்றி வையுங்கள்!

ஜியாலஜி படிக்கும் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த முறை இடம். ராசிக்கல் பற்றிக் கேட்டவர்கள் மன்னிக்கவும். அது வேறு இலாகா.

கேள்வி: கல்லைப் பார்த்ததுமே உள்ளே தங்கம் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவீர்களா?
— ஓர் இல்லத்தரசி, ஆத்தூர்

பதில்: நகைக்கடைக்காரர்கூட உரசிப் பார்த்துத்தான் சொல்கிறார் அம்மா. நாங்கள் உடைத்து, லென்ஸில் பார்த்து, எண் போட்ட பையில் கட்டி, ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, வாரக்கணக்கில் காத்திருந்து, கடைசியில் “இல்லை” என்கிறோம். பெரும்பாலும் பதில் அதுதான். அதைக் கூசாமல் எழுதுவதற்குத்தான் சம்பளம்.

கேள்வி: களப் பயிற்சிக்குக் கிளம்பும்போது மோதிரத்தைக் கழற்றச் சொல்கிறார் எங்கள் பேராசிரியர். நிச்சயதார்த்த மோதிரம் சார்!
— எம்.எஸ்சி. மாணவர், திருச்சி

பதில்: வருங்காலத் துணைவியிடம் கணக்கைச் சொல்லுங்கள், புரிந்துகொள்வார். ஒரு டன் பாறையில் 1 கிராம் தங்கம் இருந்தாலே, இடம் வாகாக இருந்தால் கம்பெனிகள் திறந்தவெளிச் சுரங்கம் பற்றி யோசிக்க ஆரம்பித்துவிடும். அதே விகிதம் 1 கிலோ மாதிரியில் எவ்வளவு? வெறும் 1 மில்லிகிராம். கூரான கல்லை அள்ளிப் பையில் போடும்போது மோதிரம் உரசி அவ்வளவு உதிர்ந்தால் போதும், ஆய்வுக்கூடம் உங்கள் நிச்சயதார்த்தத்தைக் கண்டுபிடித்து அறிக்கை அனுப்பிவிடும். சங்கிலிக்கும் வளையலுக்கும் இதே சட்டம். சன்ஸ்கிரீன் பலவற்றில் துத்தநாகம் உண்டு. துத்தநாகம் தேடுகிற இடத்தில் கையை நன்றாகக் கழுவிவிட்டு மாதிரி எடுங்கள்.

கேள்வி: ஜியாலஜிஸ்டுகள் கல்லை நக்கிப் பார்ப்பார்களாமே? என் தம்பி கேலி செய்கிறான்.
— மாணவி, தூத்துக்குடி

பதில்: தம்பி சொல்வது நிஜம். ஈரமான பாறையில் கனிமங்களின் நிறமும் எல்லையும் பளிச்சென்று தெரியும். மண்ணைப் பல்லில் கடித்துப் பார்ப்பவர்களும் உண்டு: நறநறத்தால் வண்டல், வழுவழுத்தால் களிமண். ஆனால் பழைய சுரங்கத்தின் கழிவுமேட்டில் நாக்கை நீட்டாதீர்கள். ஆர்சனிக் சொல்லிக்கொண்டு வராது. தண்ணீர் பாட்டில் எதற்கு இருக்கிறது?

கேள்வி: செல்போனிலேயே காம்பஸ் ஆப் இருக்கும்போது பிரண்டன் காம்பஸைக் கட்டி அழச் சொல்கிறார்களே, ஏன்?
— பி.எஸ்சி. மாணவர், சேலம்

பதில்: டேவிட் பிரண்டன் 1894-ல் காப்புரிமை வாங்கிய சாமான் அது. பழசு என்பதற்காகக் கும்பிடச் சொல்லவில்லை. ஆப் நன்றாகவே வேலை செய்யும். எங்கே வேலை செய்யாது என்று தெரிந்துகொள்ளத்தான் பயிற்சி.

நீங்கள் சேலத்துக்காரர், வாய்ப்பு வாசலிலேயே இருக்கிறது. கஞ்சமலைக்குப் போங்கள். அங்கே இருப்பது மேக்னடைட் வரி ஓடும் குவார்ட்சைட். பாறைமேல் காம்பஸை வைத்தால் முள் சாமியாடும். செல்போனும் சேர்ந்து ஆடும். என்ன செய்வீர்கள்? ‘அ’ என்ற இடத்திலிருந்து ‘ஆ’வைக் குறிபாருங்கள், பிறகு ‘ஆ’வுக்குப் போய் ‘அ’வைக் குறிபாருங்கள். இரண்டுக்கும் சரியாக 180 டிகிரி வித்தியாசம் வராவிட்டால் காந்தக்கல் ஏமாற்றுகிறது என்று அர்த்தம். அப்போது வரைபடத்தில் உள்ள கோபுரத்தையோ மலைமுகட்டையோ வைத்துத் திசை பிடிக்க வேண்டும். இது வகுப்பில் சொன்னால் மண்டையில் ஏறாது. ஒருமுறை தப்பான திசையில் கோடு போட்டு, சக மாணவர்கள் சிரித்தால் ஏறும்.

ஸ்ட்ரைக், டிப் குழப்பமா? சாய்ந்த பாறையில் பாட்டிலிலிருந்து கொஞ்சம் தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் ஓடுகிற திசை டிப். அதற்குச் செங்குத்தாகப் பாறைமேல் மட்டமாக ஓடும் கோடு ஸ்ட்ரைக். வடஇந்தியத் தேர்வு மையம் வரை போனாலும் இது மறக்காது.

திரும்பும் வழியில் மேக்னசைட் சுரங்கம் இருக்கும் வெள்ளைக்கல் குன்றுகள். ஆங்கிலேயர்கள் அவற்றுக்கு ‘சாக் ஹில்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். சுண்ணாம்பு அல்ல என்பதை நிரூபிக்க நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு போதும். கால்சைட் என்றால் சீறும். மேக்னசைட் கம்மென்று இருக்கும். கத்தியால் சுரண்டித் தூளாக்கி, அமிலத்தைச் சற்றுச் சூடாக்கி விட்டால்தான் மெல்ல நுரைக்கும்.

கேள்வி: அப்பாவின் கொத்தனார் சுத்தியல் போதுமா சார்?
— முதலாமாண்டு மாணவர், அரியலூர்

பதில்: உங்கள் ஊர்ச் சுண்ணாம்புக் கல்லுக்குச் சமாளிக்கும். பல்லாவரத்துச் சார்னோகைட்டிடம் கொண்டுபோனால் அப்பா கோபிப்பார். எந்தச் சுத்தியலானாலும் இன்னொரு சுத்தியலால் அதை அடிக்காதீர்கள். எஃகுச் சில்லு கண்ணைத் தேடித்தான் வரும். பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள். உடைப்பது எதற்கென்றால், வெயிலும் மழையும் தின்ற மேல்தோலைத் தாண்டிப் புது முகம் பார்க்க. அதற்குமேல் ஓர் அடிகூட அடிக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் கல்லூரியில் நான்கு நாள் ‘ஃபீல்டு ட்ரிப்’. அதில் ஒரு நாள் ஊட்டி. இது போதுமா?
— பெயர் வேண்டாம் என்ற மாணவி

பதில்: அது கல்விச் சுற்றுலா, அதிலும் கல்வி வண்டியை விட்டு இறங்கவே இல்லை. பஸ் நின்ற இடத்தில் “இது சார்னோகைட்” என்று சார் சொல்ல, நாற்பது பேர் எழுதிக்கொள்ள, குரூப் போட்டோ எடுத்து, சாப்பாட்டுக்கு ஓடுவது. பிள்ளைகள்மேல் தப்பில்லை. களப் பயிற்சிக்கு முதலில் பணத்தை வெட்டுகிற நிர்வாகங்கள்மேல்தான் எனக்குக் கோபம். ஆய்வுக்கூட மைக்ராஸ்கோப்பை அமைச்சருக்குக் காட்டலாம், மலையைக் காட்ட முடியாதே!

வேண்டியது என்னவென்றால், ஐந்து சதுர கிலோமீட்டர் நிலம், இரண்டு வாரம், ஒரே இடம். மாணவரே நடந்து நடந்து பாறை வரைபடம் போட வேண்டும். கண்ணால் பார்த்த எல்லைக்கு முழுக்கோடு, ஊகித்த எல்லைக்கு விட்டுவிட்டுப் போட்ட கோடு. முதல் நாள் தைரியமாகப் போட்ட முழுக்கோடு நான்காம் நாள் ஓர் ஓடையில் தப்பென்று தெரியும். கை ரப்பரைத் தேடும். படிப்பு ஆரம்பிப்பது அந்த நிமிஷத்தில்தான். ஆனால் ரப்பர் வரைபடத்துக்கு மட்டும். நோட்டில் எழுதியதை அழிக்கக் கூடாது. ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதுங்கள், பழைய எழுத்தும் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும்.

இந்திய நிலவியல் ஆய்வுத் துறை (ஜி.எஸ்.ஐ.) 1976 முதல் ஹைதராபாதில் பயிற்சி நிறுவனம் நடத்துகிறது. சித்ரதுர்கா, ஜாவர் போன்ற இடங்களில் அதற்குக் களப் பயிற்சி மையங்கள். எம்.எஸ்சி. முடித்து, யு.பி.எஸ்.சி. தேர்வையும் தாண்டி வந்தவர்களைக்கூட அவர்கள் மறுபடி மலையேற்றித்தான் பழக்குகிறார்கள். அது வரைக்கும் காத்திருக்காதீர்கள். அந்தத் துறையின் ‘பூகோஷ்’ தளத்தில் உங்கள் பகுதி வரைபடத்தைப் பாருங்கள், ஞாயிற்றுக்கிழமை நான்கு பேராகக் கிளம்புங்கள். நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டி அனார்த்தோசைட்டைப் பார்க்க பஸ் காசு போதும். சந்திரயான்-2 சோதனைக்கு இஸ்ரோ நிலாமண் மாதிரி தயாரித்தது அந்தக் கல்லில்தான்.

கேள்வி: காட்டிலும் மேட்டிலும் வேலையாம். பெண்ணை அனுப்பலாமா ஐயா?
— ஒரு தந்தை, தர்மபுரி

பதில்: அனுப்புங்கள். 1952-ம் வருடச் சுரங்கச் சட்டம் நிலத்தடி வேலைக்குப் பெண்களைத் தடுத்து வைத்திருந்தது. தொழில்நுட்ப, மேற்பார்வை, நிர்வாகப் பணிகளுக்கு 2019 ஜனவரியில் அதுவும் தளர்ந்தது. கனிமத் தேடல் பெரும்பாலும் தரைக்கு மேலே நடக்கிற வேலை. கல்லூரியிடம் நீங்கள் கேட்க வேண்டியவை வேறு: முகாமில் கழிப்பறை உண்டா? கூடப் போவது யார்? ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்? குவாரியில் வெடி வைக்கும் நேரம் விசாரித்தார்களா? பையனை அனுப்பும்போதும் இதையே கேளுங்கள். பாம்பு ஆண், பெண் பார்ப்பதில்லை.

கேள்வி: சுத்தியலோடு ஊருக்குள் போனால், நிலம் எடுக்க வந்தீர்களா என்று விரட்டுகிறார்கள்.
— ஆய்வு மாணவர், கரூர்

பதில்: விரட்டாமல் என்ன செய்வார்கள்? அவர்கள் நிலம்! முதலில் டீக்கடை, அப்புறம் பஞ்சாயத்துத் தலைவர், வி.ஏ.ஓ., கடைசியில்தான் பாறை. கல்லூரிக் கடிதம் கையில் இருக்கட்டும். “புதையலா தம்பி?” என்று கேட்டால் சிரித்துவிட்டு உண்மையைச் சொல்லுங்கள்.

இன்னொரு லாபமும் உண்டு. சமவெளியில் பாறையே வெளியில் தெரியாது. “இந்தப் பக்கம் கிணறு வெட்டினது யாருங்க?” என்று ஒரு பெரியவரைக் கேட்டுப் பாருங்கள். எத்தனை அடியில் கல் வந்தது, என்ன நிறம், எங்கே ஊற்று கண்டது என்று ஒப்பிப்பார். கிணற்று மேட்டில் கிடக்கும் கல்தான் அந்த ஊரின் முதல் பாறை மாதிரி. காசில்லாமல் கிடைத்த போர்வெல் அது.

கேள்வி: கம்பெனி இன்டர்வியூவில் ‘கோர் லாக்கிங் தெரியுமா’ என்றார்கள். தெரியும் என்று சொல்லிவிட்டேன். அடுத்த மாதம் சேர வேண்டும்!
— எம்.எஸ்சி. பட்டதாரி, மதுரை

பதில்: பொய்க்குத் தண்டனையாக இதைப் படியுங்கள். வைரம் பதித்த பிட் வெட்டி மேலே கொண்டுவரும் உருளைக்கல்தான் கோர். என்.க்யூ. என்றால் குறுக்களவு 47.6 மில்லிமீட்டர், ஹெச்.க்யூ. 63.5. பெட்டியில் இடமிருந்து வலமாக வரிவரியாக அடுக்கி, ஒவ்வொரு ரன் (ஒரு தடவையில் துளைத்து எடுத்த நீளம்) முடிவிலும் ஆழம் எழுதிய கட்டையை வைப்பார்கள்.

போனதும் கல்லுக்குப் பெயர் சூட்டாதீர்கள்; டேப்பை எடுங்கள். 3 மீட்டர் ரன்னில் பெட்டிக்கு வந்தது 2.4 மீட்டர் என்றால் கோர் மீட்பு 80 சதவீதம். மிச்ச 60 சென்டிமீட்டர் எங்கே? நொறுங்கின, மெத்தென்ற பகுதிதான் தண்ணீரோடு அடித்துப் போகும். தேடி வந்த தாது அங்கேயே உட்கார்ந்திருக்கலாம். டிரில்லரிடம் போங்கள். “அண்ணே, அந்த ஆழத்துல தண்ணி திரும்பி வந்துச்சா? என்ன கலர்ல வந்துச்சு?” அவர் சொல்வதை அப்படியே எழுதுங்கள். காணாமல் போன கல்லைப் பற்றித் தெரிந்த ஒரே மனிதர் அவர். 10 சென்டிமீட்டருக்குக் குறையாத துண்டுகளின் நீளத்தைக் கூட்டி, ரன் நீளத்தால் வகுத்துச் சதவீதமாக்கினால் ஆர்.க்யூ.டி., அதாவது பாறைத் தரக் குறியீடு. பிறகு கழுவி, ஈரத்தோடு போட்டோ, அதற்கப்புறம் லென்ஸ். கடைசியில் நீளவாக்கில் அறுத்து, ஒரு பாதி ஆய்வுக்கூடத்துக்கு, மறுபாதி பெட்டியிலேயே.

கேள்வி: அந்த மறுபாதியை ஏன் பூதம் காக்கிற மாதிரி காக்கிறார்கள்?
— மாணவர், சென்னை

பதில்: கனடாவின் பிரி-எக்ஸ் கம்பெனி காக்கவில்லை, அதனால். இந்தோனேசியாவின் போர்னியோ காட்டில், பூசாங் என்ற இடத்தில் மலைமலையாகத் தங்கம் என்றார்கள். கம்பெனியின் பங்கு மதிப்பு சுமார் 600 கோடி கனடா டாலர் வரை ஏறியது. கோரைப் பாதி வைக்காமல் முழுசாக அரைத்து அனுப்பினார்கள். சரிபார்க்கக் கல்லே மிச்சமில்லை. கூட்டுச் சேர வந்த ஃப்ரீபோர்ட் நிறுவனம் பழைய துளைகளை ஒட்டியே புதுத் துளை போட்டது. சொல்லிக்கொள்ளும்படி தங்கம் இல்லை. 1997 மார்ச்சில் அங்கிருந்த ஜியாலஜிஸ்ட் ஒருவர் ஹெலிகாப்டரிலிருந்து விழுந்து இறந்தார். மே மாதம் தணிக்கை அறிக்கை வந்தது: மாதிரிகளில் வெளியிலிருந்து தங்கம் தூவப்பட்டிருக்கிறது. பாறைத் தங்கத்துக்குக் கூர்முனை இருக்கும். இவை ஆற்றில் உருண்டு மழுங்கிய துகள்கள். லென்ஸும் சந்தேகமும் உள்ள ஒரு ஜூனியர் முன்பே பிடித்திருக்கலாம்.

அதன் பிறகுதான் கனடாவில் கனிமத் தேடல் அறிக்கைகளுக்கான என்.ஐ. 43-101 விதி 2001-ல் வந்தது. நீங்கள் மாதிரி அனுப்பும்போது இடையிடையே தாதுவே இல்லாத கல், ஒரே மாதிரியின் இரட்டை, அளவு தெரிந்த தரமாதிரி ஆகியவற்றைச் சேர்த்து அனுப்பச் சொல்வது உங்களையும் ஆய்வுக்கூடத்தையும் சேர்த்துச் சோதிக்கத்தான். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: ஜம்முவில் லித்தியம் கிடைத்தாயிற்று என்றார்களே, ஏன் இன்னும் தோண்டவில்லை?
— வாசகர், கோவை

பதில்: 2023 பிப்ரவரியில் ரியாசியில் அறிவித்தது 59 லட்சம் டன் லித்தியத் தாது, அதுவும் ஊகித்த வளம். தேடலில் ஜி-4, ஜி-3, ஜி-2, ஜி-1 என்று நான்கு படி, இது ஜி-3. பெண் பார்த்துவிட்டு வந்ததும் பேரனுக்குப் பெயர் தேடினால் எப்படி? ஏலத்துக்கும் போதிய ஆள் வரவில்லை. மிச்சம் இரண்டு படிகளை ஏற ஜியாலஜிஸ்டுகள் வேண்டும். உங்கள் பிள்ளை ஜியாலஜி படித்தால் ஒரு கை குறையாது.

கேள்வி: சாட்டிலைட், டிரோன், ஏ.ஐ. வந்த பிறகும் நடக்க வேண்டுமா?
— மாணவர், பாண்டிச்சேரி

பதில்: ஏ.ஐ. இருபது இடம் குறித்துத் தரும். எந்தப் பத்தொன்பது வீண் என்று சொல்ல யாராவது போய் உடைத்துப் பார்க்க வேண்டும்.

கேள்வி: அரசு வேலையா, தனியாரா?
— பல பேர்

பதில்: ஜி.எஸ்.ஐ. ஜியாலஜிஸ்ட் பதவிக்கு யு.பி.எஸ்.சி. நடத்தும் ஜியோ-சயின்டிஸ்ட் தேர்வில் முதல்நிலை, முதன்மை, நேர்முகம் என்று மூன்று கட்டம். எதிலும் சுத்தியல் பிடிக்கச் சொல்ல மாட்டார்கள். 2021 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அங்கீகாரம் பெற்ற தனியார் தேடல் நிறுவனங்களும் களத்தில் இருக்கின்றன. அவர்கள் முதல் வாரமே பிடிக்கச் சொல்வார்கள். இரண்டுக்கும் தயாராகுங்கள்.

கேள்வி: ஒரே ஒரு சாமான் வாங்கத்தான் காசிருக்கிறது. எதை வாங்க?
— மாணவி, விழுப்புரம்

பதில்: 10 மடங்கு லென்ஸ். குழுவுக்கு இரண்டு சுத்தியல் போதும், லென்ஸ் ஆளுக்கொன்று வேண்டும். அதைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு கல்லைக் கண்ணுக்கு அருகே கொண்டுவாருங்கள். பலரும் தலைகீழாகத்தான் செய்கிறார்கள். மிச்சக் காசுக்குப் பென்சில் வாங்குங்கள், பேனா மழையில் அழும். லென்ஸைக் கயிறு கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள். சட்டைப் பையில் வைத்த லென்ஸ் மலையிலேயே தங்கிவிடும்.