‘ஸ்டில்’ எங்கே நிற்கும்?

கேள்வி: ‘மே’, ‘கேன்’ போன்ற துணைவினைகளோடு ‘ஸ்டில்’, ‘ஆல்ரெடி’, ‘நோ லாங்கர்’ ஆகியவை வரும்போது அவற்றை எங்கே வைக்க வேண்டும்? (வாசகர், குரோம்பேட்டை)

பதில்: துணைவினைக்குப் பின்னால், முதன்மை வினைக்கு முன்னால். தாம்பரத்துக்கு வரவேண்டிய மின்சார ரயில் தாமதமானால், ‘தி ட்ரெயின் மே ஸ்டில் பி அட் பல்லாவரம்’ என்பதே இயல்பான வாக்கியம். துணைவினை இரண்டு இருந்தால் முதலாவதை ஒட்டி வரும்: ‘இட் மே ஆல்ரெடி ஹேவ் லெஃப்ட்’. ‘மே ஹேவ் ஆல்ரெடி லெஃப்ட்’ என்பதும் பிழையல்ல.

சிக்கல் எதிர்மறையில்தான். ‘ஐ ஸ்டில் கான்ட் சீ தி ட்ரெயின்’ என்னும்போது ‘ஸ்டில்’ துணைவினைக்கு முன்னே தாவிவிடுகிறது. காத்திருந்து சலித்தவரின் குரல் அது. சலிப்பில்லாமல் நிலவரம் மட்டும் சொல்ல ‘யெட்’ போதும், பெரும்பாலும் கடைசியில்: ‘இட் மே நாட் ஹேவ் லெஃப்ட் யெட்’. தமிழில் இரண்டு இடத்துக்கும் ‘இன்னும்’ ஒன்றே பொருந்துவதால் நன்றாகப் படிக்கும் மாணவர்கள்கூட இங்கே தடுமாறுகிறார்கள்.

‘நோ லாங்கர்’ எதிர்மறையைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. கூடவே ‘நாட்’ வேண்டாம். 2021இல் தாம்பரம் மாநகராட்சி ஆனது. ஆகவே, ‘தாம்பரம் கேன் நோ லாங்கர் பி கால்ட் எ முனிசிபாலிட்டி’. ‘எனி மோர்’ என்றால் ‘நாட்’ கட்டாயம், இடம் வாக்கியக் கடைசி: ‘தாம்பரம் கான்ட் பி கால்ட் எ முனிசிபாலிட்டி எனி மோர்’. பேச்சுக்கு இது பொருந்தும். அலுவலகக் கடிதத்துக்கு முன்னதே சிறந்தது.