அறுவடைக்கு ஆள் இல்லை, மகாராஜா!

1348ஆம் வருடம் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் எட்வர்டு ரொம்ப பிஸி. இரண்டு வருடம் முன்புதான் கிரெஸி போர்க்களத்தில் பிரெஞ்சுப் படையைப் புரட்டி எடுத்திருந்தார். அந்தக் குஷியில் வீர விளையாட்டுகள், விருந்துகள். போதாதென்று, அபிமான வீரர்களுக்காக ஒரு எக்ஸ்க்ளூசிவ் கிளப் வேறு. மெம்பர்களுக்கு அடையாளம், காலில் கட்டிக்கொள்ளும் ஒரு நீலப் பட்டி! சிரிக்காதீர்கள், இன்றைக்கும் பிரிட்டனில் பெரிய மனிதர்கள் ஏங்கும் ‘கார்ட்டர்’ கௌரவம் இதுதான். அந்தக் கோடையில் டார்செட் கரையோரம் மெல்கோம் துறைமுகத்துக்கு பிளேக் வந்து இறங்கியது. அது யாருடைய மெம்பர்ஷிப் கார்டையும் பார்க்கவில்லை.

அடுத்த ஒன்றரை வருடத்தில் நாட்டில் மூன்றில் ஒரு பங்கு பேராவது போய்ச் சேர்ந்தார்கள். பாதிப் பேர் என்று சொல்லும் ஆராய்ச்சியாளர்களும் உண்டு. கல்யாணத்துக்காக ஸ்பெயினுக்குக் கிளம்பிய ராஜகுமாரி ஜோன் போகிற வழியிலேயே, போர்தோ நகரில் இறந்துபோனாள். கேன்டர்பரி தலைமைப் பேராயர் பதவிக்குத் தேர்வான ஒருவர் சார்ஜ் எடுப்பதற்குள் காலி. அடுத்து வந்த பிராட்வர்டின் மகா மேதை, கணிதத்தில் புலி. பட்டம் சூட்டிக்கொண்டு ஊர் திரும்பினார், சில நாள்தான். நம் ஊரில் சில அமைச்சர் நாற்காலிகள் பற்றி இப்படிப் பேசிக்கொள்வார்கள், ஆனால் அங்கே நிஜமாகவே ஆள் தங்கவில்லை.

எக்ஸ்பர்ட்டுகள் என்ன செய்தார்கள்? ஐரோப்பாவின் டாப் மருத்துவர்கள் பாரிஸ் பல்கலைக்கழகத்தில் இருந்தார்கள். பிரெஞ்சு மன்னர் கேட்டதும் கூடி ஆராய்ந்து ரிப்போர்ட் கொடுத்தார்கள். காரணம்: 1345 மார்ச் 20, மதியம் ஒரு மணிக்கு சனி, குரு, செவ்வாய் மூன்றும் கும்ப ராசியில் கூடியது! நாள், நேரம், ராசி என்று சகலமும் பக்கா. வேலை செய்கிற மருந்து மட்டும்தான் வரவில்லை.

போப்பாண்டவர் ஆறாம் கிளமென்ட் அப்போது இருந்தது பிரான்ஸில், அவிஞோன் அரண்மனையில். டாக்டர் சொன்னபடி இரண்டு பெரிய நெருப்புகளை மூட்டி, நட்டநடுவில் உட்கார்ந்துகொண்டார். வெளியே ஊரே வெந்துகொண்டிருக்க, உள்ளே அவர் வியர்த்துக்கொண்டிருந்தார். ஆச்சரியம், பிழைத்துவிட்டார்! வெப்பம், நோயைப் பரப்பிய தெள்ளுப்பூச்சிக்கு ஆகாது என்பது அந்த டாக்டருக்குத் தெரியாது. தப்பான காரணத்துக்காகச் சரியான வைத்தியம்.

நிற்க. நம் கதையின் ஹீரோ மன்னரும் அல்ல, போப்பும் அல்ல. உயிர் தப்பிய ஒரு கூலிக்காரன்.

அதுவரை அவன் நிலைமை என்ன? பாதிக்கு மேல் பண்ணையடிமை வாழ்க்கை. பண்ணையாரைக் கேட்காமல் ஊரைவிட்டுப் போகக் கூடாது. மகளுக்குக் கல்யாணம் என்றால் பண்ணையாருக்குப் பணம் கட்ட வேண்டும். அப்பா செத்தால் வீட்டில் இருக்கும் நல்ல மாடு பண்ணையாருக்கு. 1349 கோடையில் அவன் சுற்றிலும் பார்க்கிறான். கதிர் முற்றிச் சாய்ந்து கிடக்கிறது. அறுக்க ஆள் இல்லை. பக்கத்து வீடு காலி, எதிர் வீடு காலி. பண்ணையார் முதல்முறையாக அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்.

அவன் சும்மா இருப்பானா? டபுள் கூலி கேட்டான்.

பண்ணையார்களுக்கு மூச்சு நின்றுவிட்டது. லெஸ்டர் மடத்துத் துறவி ஹென்றி நைட்டன், ஊரில் இத்தனை சாவு விழுந்ததை எழுதிய அதே பேனாவால், கூலிக்காரர்கள் திமிர் பிடித்து அலைகிறார்கள் என்றும் எழுதி வைத்திருக்கிறார். ‘இந்தக் காலத்துப் பசங்களுக்கு கமிட்மென்டே இல்லை’ என்று ஹெச்.ஆர். மீட்டிங்கில் அலுத்துக்கொள்கிறவருக்குப் பூட்டன் இவர்தான்.

அறுவடைக்கு முன்பே போட்டிருந்தார்கள் ஒரு சட்டம். பார்லிமென்டைக் கூட்டினால் நோய் தொற்றும், ஆகவே மன்னரே ஆர்டினன்ஸ்! 1349 ஜூன் 18. அறுபது வயதுக்குக் கீழே, உடம்பில் தெம்பு உள்ள எல்லாரும் கூப்பிட்டால் வேலைக்கு வந்தாக வேண்டும். கூலி, கொள்ளைநோய்க்கு முந்தைய ரேட்தான். பாதியில் வேலையை விட்டுப் போனால் சிறை. கையும் காலும் நன்றாக இருக்கிற பிச்சைக்காரனுக்குக் காசு போட்டால் போட்டவனுக்கும் தண்டனை. ஆக, ஆள் பாதி செத்தாலும் சம்பளம் மட்டும் சாகாமல் அப்படியே இருக்க வேண்டும்.

இரண்டு வருடத்தில் பார்லிமென்டே கூடி இதை இன்னும் டைட் ஆக்கியது. ஆகஸ்ட் முதல் வாரம் கதிர் அறுத்தால் ஒரு நாளைக்கு 2 பென்னி, இரண்டாவது வாரம் 3 பென்னி. வருடத்துக்கு இரண்டு தடவை கூலிக்காரர்கள் சத்தியம் செய்ய வேண்டும். மறுத்தால் காலை மரக்கட்டையில் மாட்டி வைக்க, ஊருக்கு ஊர் கட்டை அடித்துத் தயாராக வைத்தார்கள். அந்தக் கட்டையை அடித்த தச்சனும் பழைய கூலிக்கு ஒப்புக்கொண்டிருக்க மாட்டான் என்பது என் சந்தேகம்.

சட்டத்தை யார் முதலில் உடைத்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? சாட்சாத் பண்ணையார்கள்தான்! மேடையில் ‘கூலியை ஏற்றாதே’ என்பார்கள். ராத்திரி பக்கத்துப் பண்ணை ஆளிடம், ‘என்னிடம் வா, ஒரு பென்னி சேர்த்துத் தருகிறேன், மத்தியானம் சூடான சாப்பாடு’ என்பார்கள். கவுன்டர் ஆஃபர், ஜாயினிங் போனஸ் எல்லாம் ஏதோ பெங்களூரு கண்டுபிடிப்பு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கூடுதல் கூலி வாங்கினார்கள் என்று ஆயிரக்கணக்கானவர்கள் அபராதம் கட்டினார்கள், அதில் பெண்கள் எக்கச்சக்கம். அபராதத்தைக் கட்டிவிட்டு மறுபடி அதே கூலி. 1361இல், ஓடிப்போன கூலிக்காரன் நெற்றியில் சூடுகூடப் போடலாம் என்று சட்டம் வந்தது. அறுவடை நேரத்தில் எந்தப் பண்ணையார் நெற்றியைப் பார்ப்பார்? கையில் அரிவாள் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்.

கூலி ஏறியதும் வாய்க்கும் ருசி தெரிந்தது. கவிஞர் லாங்லண்ட் தன் காவியத்தில் புலம்புகிறார்: இவர்களுக்கு நேற்றைய காய்கறி இறங்கவில்லையாம், மலிவு பியர் பிடிக்கவில்லையாம், கறியும் மீனும் சுடச்சுட வேண்டுமாம்! அடப்பாவி மனுஷா, நாள் முழுக்க வெயிலில் குனிந்து அறுத்தவன் சூடாகக் கேட்டது ஒரு குற்றமா? லாங்லண்ட் ஏழைகளுக்காகவும் உருகியவர்தான். ஏழை பசியோடு இருக்கும்வரை உருகினார்.

சாப்பாட்டைக்கூடப் பொறுத்துக்கொண்டார்கள். துணி விஷயத்தில்தான் மானம் போனது. வேலைக்காரன் எஜமான் மாதிரி உடுத்தினால், யாரைப் பார்த்து யார் கும்பிடுவது? 1363இல் சட்டம்: ஏர் ஓட்டுபவன், வண்டிக்காரன், ஆடு மேய்ப்பவன் எல்லாரும் முரட்டுக் கம்பளித் துணிதான் உடுத்த வேண்டும். வேலையாட்களுக்கு நாளைக்கு ஒரு வேளைதான் கறியோ மீனோ. ஒவ்வொரு தட்டையும் ஒவ்வொரு சட்டையையும் எட்டிப் பார்க்க ஆள் வேண்டுமே? அந்த ஆள் என்ன சம்பளம் கேட்பான்? சட்டத்தைச் சீக்கிரமே மூட்டை கட்டிவிட்டார்கள்.

இதே காலத்தில் நடந்த இன்னொரு கூத்து. கோர்ட்டில் அதுவரை பிரெஞ்சில்தான் வழக்காடுவார்கள். குற்றவாளிக்குத் தான் என்ன குற்றம் செய்தோம் என்றே புரியாது. பிரெஞ்சு தெரிந்தவர்களும் குறைந்துவிட்ட நிலையில், 1362இல், இனி ஆங்கிலத்தில்தான் வாதாட வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். அந்த உத்தரவை எழுதியது பிரெஞ்சில்!

முப்பது வருடம் இப்படி இழுத்துக்கொண்டே போக, 1381இல் அரசாங்கம் பிரெஞ்சுப் போர்ச் செலவுக்காகப் பதினைந்து வயது தாண்டிய தலைக்கு ஒரு ஷில்லிங் வரி வசூலிக்க இறங்கியது. பானை பொங்கிவிட்டது. எஸ்ஸெக்ஸிலும் கென்ட்டிலும் கிளம்பிய விவசாயிகள் லண்டனுக்குள் புகுந்தார்கள். இப்போது அரியணையில் இருந்த இரண்டாம் ரிச்சர்டின் சித்தப்பா ஜான் ஆஃப் கான்ட்டின் அரண்மனை சாம்பல். கேன்டர்பரி பேராயர் தலையும் போயிற்று (அந்த நாற்காலிக்கு என்ன ராசியோ!). மன்னர் இரண்டாம் ரிச்சர்டுக்கு வயது 14. தலைவன் வாட் டைலர் அவர் முன்னால் போய், கையைப் பிடித்துக் குலுக்கி ‘பிரதர்’ என்றான். பண்ணையடிமை முறையை ஒழிக்கச் சொன்னான். பிறகு தாகம் என்று தண்ணீர் வாங்கி, மன்னர் எதிரிலேயே வாய் கொப்பளித்தான். கூடியிருந்த பிரபுக்களுக்கு எது அதிகம் வலித்தது என்று சொல்வது கஷ்டம். சற்று நேரத்தில் லண்டன் மேயர் அவனைக் குத்திச் சாய்த்தார்.

பையன் மன்னர் கெட்டிக்காரர். கூட்டத்திடம் ‘இனி நானே உங்கள் தலைவன்’ என்று சொல்லி அழைத்துப்போனார். விடுதலைப் பத்திரங்கள் எழுதிக் கொடுத்திருந்தார். கூட்டம் கலைந்ததும் அத்தனையும் கேன்சல். நீங்கள் அடிமைகள், அடிமைகளாகவே இருப்பீர்கள் என்று சொல்லியனுப்பினாராம்.

ஆனால் ஆள் பஞ்சம் யார் சொல்லையும் கேட்கவில்லை. பிளேக் அவ்வப்போது திரும்பி வந்து எண்ணிக்கையைக் குறைத்தபடியே இருந்தது. நிலத்தைச் சும்மா போடுவதைவிடக் குத்தகைக்கு விடுவோம், அடிமையை இழப்பதைவிட வாடகைக்காரனாக வைத்துக்கொள்வோம் என்று பண்ணையார்களே இறங்கி வந்தார்கள். அடுத்த நூற்றாண்டில் சாதாரண உழைப்பாளி வாங்கிய கூலியில் அவன் தாத்தாவைவிட ஏகப்பட்ட ரொட்டியும் கறியும் பியரும் வாங்க முடிந்தது. பண்ணையடிமை முறையை ஒழிக்க இங்கிலாந்தில் ஒரு சட்டம்கூடப் போடவில்லை. அது பாட்டுக்கு ஆள் கிடைக்காமல் ஓய்ந்துபோனது.

இரண்டாம் ரிச்சர்டு என்ன ஆனார் என்கிறீர்களா? 1399இல் அந்தச் சித்தப்பாவின் மகன் படையோடு வந்து இறங்கினார். லண்டன் டவரில் அடைத்து ராஜினாமா கடிதம் வாங்கிக்கொண்டார்கள். நோட்டீஸ் பீரியட் எதுவும் கொடுத்ததாகத் தெரியவில்லை.