வாழ்த்துரையும் ஒரு வாய் ஒயினும்

ஜார்ஜியாவில் நிரம்பிய கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல் உட்கார்ந்திருக்கத் தெரிந்தால் போதும். நல்ல குடும்பத்துப் பிள்ளை என்று சொல்லிவிடுவார்கள். அங்கே விருந்துக்கு சுப்ரா என்று பெயர். அதை நடத்த தமதா என்று ஒருவர் இருப்பார். அவர் எழுந்து பேசி முடிக்கும்வரை யாரும் ஒயினை வாயில் வைக்கக் கூடாது. அவர் முடிப்பார் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது.

அக்கா மகன் திபிலிசியில் டாக்டருக்குப் படிக்கிறான். (அந்த ஊர்த் தெருவில் தடுக்கி விழுந்தால் நம்மைத் தூக்கிவிடுவது அநேகமாக ஒரு மதுரைப் பையனாக இருக்கும், அத்தனை பேர் படிக்கிறார்கள்.) "அக்டோபர்ல திராட்சை அறுவடை, வாங்க மாமா" என்றான். ககெத்தி மாகாணத்தில், சிக்னாகி தாண்டி, கொம்போரி மலைச் சரிவில் ஒரு கிராமம். கீழே அலசானி ஆற்றுப் பள்ளத்தாக்கு முழுக்கத் திராட்சைத் தோட்டம். அதற்கப்பால் பனி மூடிய காக்கசஸ். நான் வாயடைத்து நின்றேன். "பாத்ரூம் எங்கேன்னு கேளுங்க" என்றாள் மனைவி.

ஒயின் செய்கிற இடத்துக்கு மரானி என்று பெயர். உள்ளே போனால் ஒன்றையும் காணோம். மண் தரையில் வட்ட வட்டமாகச் சில மூடிகள், அவ்வளவுதான். அவற்றுக்கு அடியில், கழுத்துவரை புதைந்து, ஆள் இறங்கி நிற்கலாம் என்கிற அளவுக்குப் பெரிய மண் தாழிகள். குவெவ்ரி என்கிறார்கள். ஆதிச்சநல்லூரைப் பாடப் புத்தகத்தில் படித்து வளர்ந்தவளாயிற்றே, மனைவி இரண்டடி பின்வாங்கினாள்.

"உள்ள யார் இருக்கா?"

மருமகன் வீட்டுக்காரரைக் கேட்டான். "ரகாட்சிதெலி" என்றார் அவர், மரியாதையாக. யாரோ பெரியவர் போலிருக்கிறது என்று இவள் கைகூப்பிவிட்டாள். அது வெள்ளைத் திராட்சை ரகம்.

திராட்சையை நசுக்கி, சாறு, தோல், விதை, சில சமயம் காம்பு என்று எதையும் வீணாக்காமல் தாழிக்குள் போடுகிறார்கள். நுரைத்துப் பொங்கி அடங்கியதும் மூடி, மண்ணைப் போட்டுவிட்டு ஐந்தாறு மாதம் அந்தப் பக்கம் போவதில்லை. தாழியின் அடிப்பாகம் கூர்மை. விதையெல்லாம் அதில் இறங்கிக்கொள்ள, தோல் அதன் மேல் படிந்துவிடுமாம். உள்சுவரில் தேன்மெழுகு பூசியிருக்கிறார்கள். குளிர்பதனப் பெட்டியின் வேலையை மண்ணே பார்த்துக்கொள்கிறது. வசந்தத்தில் திறந்தால் வெள்ளைத் திராட்சை ஒயின் தேன் நிறத்தில், நல்ல துவர்ப்போடு இருக்கும். இந்த முறையை 2013இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. கடாச்ரிலி கோரா என்ற மேட்டில் கிடைத்த பானை ஓடுகளைச் சோதித்து, சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன்பே இந்த மண்ணில் ஒயின் இருந்தது என்று 2017இல் அறிவித்தார்கள். வீட்டுக்காரர் இதைச் சொன்ன தோரணையில், அந்தப் பானையைக் கழுவிக் கவிழ்த்தவரே அவர்தானோ என்று தோன்றியது.

பிறகு சுப்ரா. பாலாடைக்கட்டி வைத்த ரொட்டி, வால்நட் விழுது தடவிய கத்தரிக்காய், எதை எடுத்தாலும் தாராளமாகக் கொத்தமல்லி. மனைவி அந்த நாட்டை மன்னித்துவிட்டாள்.

தமதா எழுந்தார். முதலில் கடவுள். அடுத்து சமாதானம். பிறகு தாய்நாடு, மறைந்த முன்னோர், பிறக்கப்போகும் குழந்தைகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் உரை, உரை முடிந்தால் "கௌமார்ஜோஸ்!" என்று ஒரு முழக்கம், அப்புறம்தான் ஒயின். எதிரே இருந்த வெளிநாட்டு ஜோடி சமாதானத்தின் நடுவிலேயே தூங்கிப்போனது. நான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். வளைகாப்புக்கும் வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, நன்றியுரை கேட்டு வளர்ந்த உடம்பு இது. வித்தியாசம் இரண்டுதான்: இங்கே மைக் இல்லை, பேச்சு முடிந்ததும் கேட்டவனுக்கு ஏதோ கிடைக்கிறது.

இடையில் பேச்சு மதுவிலக்குக்குப் போனது. 1985இல் கோர்பச்சேவ் குடிக்கு எதிராகக் கிளம்பியபோது திராட்சைத் தோட்டங்கள் அழிந்த கதையைப் பெரியவர் ஒருவர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். உங்கள் ஊரில் எப்படி என்று கேட்டார்கள். 1937இல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கு கொண்டுவந்தார், 1971இல் எடுத்தார்கள், பிறகு மறுபடி கொண்டுவந்தார்கள், மறுபடி எடுத்தார்கள், 2003 முதல் அரசாங்கமே கடை வைத்து விற்கிறது என்றேன். தமதா நெடுநேரம் யோசித்துவிட்டு என் கோப்பையை நிரப்பினார்.

அப்போதுதான் "அலாவெர்தி!" என்று என்னைக் கைகாட்டினார். அப்படிச் சொல்லிவிட்டால் அவர் விட்ட இடத்திலிருந்து நாம் பேச வேண்டும். கையில் ஒரு மாட்டுக் கொம்பு நிறைய ஒயினைக் கொடுத்தார்கள். கொம்புக்கு அடிப்பக்கம் தட்டையாக இல்லாததால் காலி செய்யாமல் கீழே வைக்க முடியாது. தமிழிலேயே தொடங்கினேன். "மாண்புமிகு தமதா அவர்களே, மரானியின் உரிமையாளர் அவர்களே, கத்தரிக்காய் சமைத்த அன்னையர்களே, எனக்கு முன் உரையாற்றி அமர்ந்த சான்றோர்களே..." ஒருவருக்கும் ஒரு சொல் புரியவில்லை. மூலையில் ஒரு பாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மாமா, கை வலிக்கலையா?" என்றான் மருமகன். நான் இன்னும் விளிப்பையே முடிக்கவில்லை.

தமதா வந்து கட்டிப்பிடித்து, வேறென்ன வேண்டும், தயங்காமல் கேள் என்றார். வரும் வழியிலேயே மருமகன் ஒன்று சொல்லியிருந்தான்: பியர்க் கோப்பையைத் தூக்கி யாரையும் வாழ்த்திவிடாதீங்க மாமா, அது எதிரிகளுக்கு என்பது இங்கே பழைய வழக்கம்.

"ஒரு பியர் கிடைக்குமா?" என்றேன்.

மேஜை முழுக்க அமைதி. "யாருக்கு?" என்றார் தமதா.

"எங்க அபார்ட்மென்ட் சங்கச் செயலாளருக்கு. பார்க்கிங் விஷயம்."

மருமகன் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தான். தமதாவின் முகம் மலர்ந்தது. தனக்கும் ஒரு பியர் கொண்டுவரச் சொன்னார். அவருக்குப் பக்கத்துத் தோட்டக்காரரோடு வேலித் தகராறாம். எழுந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். அன்றைக்குக் கடவுளுக்குக்கூட அவ்வளவு நீளமான உரை கிடைக்கவில்லை.