பானெட்டில் மூக்கு வைக்கலாமா?

கே: என் பெட்ரோல் காரின் பானெட்டை வெட்டி ஸ்கூப் வைத்தால் பிக்கப் கூடும் என்கிறார் டிங்கரிங் பட்டறைக்காரர். உண்மையா?
– பல்லடம் வாசகர்

ப: கூடும், மணிக்கு 300 கிலோமீட்டரில் போவதாக இருந்தால்! எதிர்க்காற்று ஸ்கூப்புக்குள் புகுந்து அழுத்தம் கொடுப்பது நிஜம்தான். ஆனால் எவ்வளவு என்று பாருங்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் அது வெளிக்காற்றின் அழுத்தத்தில் 0.3 சதவீதம்தான். 100-ல் போனாலும் அரை சதவீதத்தைத் தொடாது. வேகம் இரண்டு மடங்கானால் இந்த அழுத்தம் நான்கு மடங்காகும். அதனால் 300-ல் கிட்டத்தட்ட 4 சதவீதம் வந்துவிடும். கோவைக்காரர் நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஜோர்டான் அணிக்கு ஓட்டிய ஃபார்முலா 1 காரில், தலைக்கு மேலே காற்றுக்கு ஒரு வாய் இருந்ததே, அங்கே அதற்கு அர்த்தம் உண்டு. பல்லடம் ரோட்டில் 80-ஐத் தொடுவதற்குள் அடுத்த ஸ்பீடு பிரேக்கர் வந்துவிடுகிறது.

கே: குளிர்ந்த காற்று போனால் இன்ஜினுக்கு நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்களே, அதுவும் பொய்யா?
– அவினாசி வாசகர்

ப: பொய்யே இல்லை. விஷயமே அதில்தான் இருக்கிறது. காற்று சூடானால் விரியும். அதே ஒரு லிட்டரில் ஆக்சிஜன் குறையும். ஏறக்குறைய 3 டிகிரி சூடு ஏறினால் 1 சதவீதம் காற்று போச்சு. வெளியே 40 டிகிரி, பானெட்டுக்குள் 70 டிகிரி என்றால், உள்ளே இருக்கும் காற்றை இழுக்கிற இன்ஜினுக்கு 9 சதவீதம் நஷ்டம். எதிர்க்காற்றின் 0.3 எங்கே, இந்த 9 எங்கே!

ஆனால் இதைக் கார் கம்பெனி இன்ஜினியர் மறக்கவில்லை. பானெட்டைத் திறந்து, ஏர் ஃபில்டர் டப்பாவிலிருந்து முன்பக்கம் போகிற பிளாஸ்டிக் குழாயைக் கையால் தடவிக்கொண்டே போங்கள். பெரும்பாலான கார்களில் அது கிரில்லுக்குப் பின்னாலோ ஹெட்லைட் ஓரத்திலோ முடியும். வண்டி ஓடும்போது அந்த வாய்க்கு வெளிக்காற்றுதான் வருகிறது. சூடு ஏறுவது திருப்பூர் புஷ்பா ரவுண்டானாவில் நிற்கும்போது. நிற்கிற வண்டிக்கு எதிர்க்காற்று ஏது? அப்போது ஸ்கூப் காற்றை உள்ளே இழுக்காது. உள்ளிருக்கும் அனல்தான் அந்த ஓட்டை வழியே மேலே வரும். ஓடும்போது தேவையில்லை, நிற்கும்போது உதவாது. இதற்காகப் பானெட்டை வெட்டாதீர்கள்.

கே: மைலேஜாவது கூடுமா?
– ஊத்துக்குளி வாசகர்

ப: கூடாது. 50, 60-ல் போகிற பெட்ரோல் காரில் த்ராட்டில் பாதிக்கு மேல் மூடியே இருக்கிறது. காற்றை அளந்து விடுவது உங்கள் வலது கால்தான். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடம் 2009-ல் சோதித்தபோது, ஃபில்டர் அடைத்துப்போன புதுத்தலைமுறை கார்களில்கூட மைலேஜ் பெரிதாக மாறவில்லை, பிக்கப்தான் அடிவாங்கியது. மைலேஜ் வேண்டுமானால் டயரில் காற்று பாருங்கள்.

கே: பிறகு ஃபார்ச்சூனரிலும் ஸ்கார்ப்பியோவிலும் கம்பெனியே ஸ்கூப் வைத்தது ஏன்?
– காங்கேயம் வாசகர்

ப: நல்ல கேள்வி, இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 2009-ல் இங்கே வந்த முதல் ஃபார்ச்சூனரின் 3 லிட்டர் டீசலும் பழைய ஸ்கார்ப்பியோவும் டர்போ வண்டிகள். டர்போ காற்றை அழுத்தும்போது அது 100 டிகிரிக்கு மேல் கொதிக்கும். அதை ஆறவைக்க இன்ஜின் தலைமேல் இன்டர்கூலர் என்ற அலுமினியத் தகட்டுப் பெட்டி உட்கார்ந்திருக்கும். ஸ்கூப் வழியே வரும் காற்று அந்தத் தகடுகளுக்கு நடுவே வீசிவிட்டு வெளியே போய்விடுகிறது. அதில் ஒரு துளிகூட இன்ஜினுக்குள் போவதில்லை. இன்ஜின் குடிக்கும் காற்று ஃபில்டர் வழியே தனியாக வருகிறது. சுபாரு டபிள்யூ.ஆர்.எக்ஸ். காரின் புகழ்பெற்ற ஸ்கூப்பும் இதே வேலைதான் செய்கிறது. உங்கள் காரில் மேலே இன்டர்கூலர் இல்லையென்றால், அந்த ஸ்கூப்புக்கு வேலையும் இல்லை.

கே: வைத்தே ஆகவேண்டும் என்றால் எந்த இடத்தில் வைக்கலாம்?
– தாராபுரம் வாசகர்

ப: பிடிவாதத்துக்கும் பதில் உண்டு. பானெட்டின் நடுப்பகுதியை ஒட்டி ஓடுகிற காற்று மந்தமானது. அங்கே ஒட்டிவைத்த தட்டை ஸ்கூப் சும்மா இருக்கும். அழுத்தம் சேருவது முன்கண்ணாடியின் அடியில். வைப்பருக்குக் கீழே வேப்பஞ்சருகு சேர்கிறதே, அந்த இடம். ஏ.சி.க்கு வெளிக்காற்று எடுப்பதும் அங்கிருந்துதான். அமெரிக்காவில் 1970 ஷெவல் காரில் ஸ்கூப்பின் வாயைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி வைத்தார்கள். எங்கே வைத்தாலும் ஸ்கூப்புக்கும் ஃபில்டர் டப்பாவுக்கும் நடுவே இடைவெளி இல்லாமல் ரப்பர் சீல் வேண்டும். இல்லையென்றால் வந்த காற்று பானெட்டுக்குள் சிதறி, ஃபில்டர் மறுபடியும் அனலைத்தான் இழுக்கும். டப்பாவை எடுத்துவிட்டு கோன் ஃபில்டரைத் திறந்தபடி மாட்டுகிறவர்களின் கதையும் இதுதான்: சத்தம் கூடும், காற்று சூடாகும்.

கே: மங்கலம் ரோட்டில் நிட்டிங் யூனிட்டை ஒட்டித்தான் தினமும் வண்டி நிறுத்துகிறேன். பஞ்சு பறக்கிறது. காருக்குக் கெடுதலா?
– திருப்பூர் வாசகர்

ப: இந்தப் பகுதிக்கு வந்த கேள்விகளிலேயே திருப்பூருக்கு மிகத் தேவையான கேள்வி இது. ஃபில்டரைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பாருங்கள். மடிப்புகளின் வாயில் சாம்பல் நிறத்தில் மெல்லிய கம்பளம் மாதிரி படிந்திருந்தால், அது பஞ்சும் ரோட்டுத் தூசியும் சேர்ந்தது. சர்வீஸ் புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டர் வரை காத்திருக்காமல் முன்னதாகவே மாற்றுங்கள்.

பனியன் கம்பெனியில் ஏர் கன் இருக்கிறதே என்று அதே அழுத்தத்தில் அடித்துவிடாதீர்கள். 6, 7 பார் காற்று, ஃபில்டர் பேப்பரில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை போடும். அதன்பின் தூசி நேராகப் பிஸ்டனுக்குப் போகும். அழுத்தத்தைக் குறைத்து, தள்ளிப் பிடித்து, உள்ளிருந்து வெளியே அடிக்க வேண்டும். அதைவிடப் புது ஃபில்டர் மலிவு.

அப்படியே கிரில்லுக்குப் பின்னால் ஏ.சி. கண்டென்சர், ரேடியேட்டர் இரண்டையும் டார்ச் அடித்துப் பாருங்கள். பஞ்சு அடைத்தால் ஏ.சி. குளிராது, இன்ஜின் சூடாகும்.

மெக்கானிக் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் ஊர் பனியன் வேஸ்ட் இல்லாமல் எந்தப் பட்டறையும் ஓடாது, எனக்குத் தெரியும். ஃபில்டர் டப்பாவைத் திறந்தால் குழாய் வாயை அதே பனியன் வேஸ்ட்டால் அடைத்து வைப்பதும் தெரியும். மூடும்முன் அதை எடுத்தோமா என்று இரண்டு தடவை பாருங்கள்.

கே: மகன் கல்லூரிக்கு ஓட்டும் காரில் ஸ்கூப் வைக்கக் காசு கேட்கிறான். மழையில் தண்ணீர் போகாதா? போலீஸ் பிடிக்காதா?
– அவினாசி ரோட்டிலிருந்து ஒரு தாய்

ப: இரண்டு பயமும் நியாயம்தான், அம்மா. வடிகால் இல்லாமல் ஃபில்டருக்கு நேர் மேலே ஸ்கூப் இருந்தால் அடைமழையில் ஃபில்டர் ஊறும். தண்ணீர் சிலிண்டருக்குள் போய்விட்டால், அதைப் பிஸ்டனால் அமுக்க முடியாது; கனெக்டிங் ராடு வளையும். இன்ஜினையே இறக்க வேண்டிவரும்.

சட்டமும் கண்டிப்பானது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரங்களிலிருந்து ஆர்.சி. மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டும் சேர்த்தோ விதிக்கலாம் என்கிறது. டிஎன் 39 திருப்பூர் வடக்கோ, டிஎன் 42 தெற்கோ, உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் கம்பெனியிலும் முதலில் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். தம்பியின் ஆர்வத்தை அடக்க வேண்டாம். கோவை செட்டிப்பாளையத்தில், ரேஸ் கார்களை நம் மண்ணிலேயே கட்டிய கரிவரதன் பெயரில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. பந்தயம் நடக்கும் நாளில் அங்கே கூட்டிப் போங்கள்.

கே: காரை விடுங்கள். நான் பனியன் கம்பெனி வைத்திருக்கிறேன். இதில் எனக்கு என்ன பயன்?
– காங்கேயம் ரோடு வாசகர்

ப: எல்லோரையும்விட உங்களுக்குத்தான் பயன். உங்கள் ஏர் கம்ப்ரசரும் காற்றை இழுக்கிற இயந்திரம்தான். உள்ளே போகும் காற்று 4 டிகிரி கூடுதல் சூடாக இருந்தால், அதே காற்றை அழுத்த கரண்ட் சுமார் 1 சதவீதம் கூடுதலாகச் செலவாகும். கார் எப்போதாவதுதான் முழு வேகத்தில் ஓடும். கம்ப்ரசர் ஷிஃப்ட் முழுக்க ஓடும். பாய்லருக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவே, ஜன்னல் இல்லாத மூலையில் அதை வைத்திருந்தால், வருடம் முழுக்க அனலை அழுத்தக் காசு கட்டுகிறீர்கள். ஸ்கூப் வைக்க வேண்டிய இடம் அதுதான்: நிழல் விழும் சுவர்ப்பக்கத்திலிருந்து, பஞ்சும் பாய்லர் புகையும் எட்டாத உயரத்தில், ஃபில்டரோடு ஒரு டக்ட் உள்ளே, கம்ப்ரசர் கக்கும் சூடு அறைக்குள் சுற்றாமல் இன்னொரு டக்ட் வெளியே.

நாளை மதியம் இரண்டு மணிக்கு, வெளியே நிழலில் ஒரு தெர்மாமீட்டரும் கம்ப்ரசர் காற்றிழுக்கும் வாயருகே ஒன்றும் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் எத்தனை டிகிரி என்று எனக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் கணக்குப் போடுவோம்.