பாகை இடம் பெயர்ந்த படலம்

பெண்கள் உடையில் ஒரு முழம் கூடினாலும் குறைந்தாலும் ஊரே கூடி விவாதிக்கிற இந்த நாட்டில், பஞ்சகச்சமும் மூடிய கோட்டும் ஜரிகை அங்கவஸ்திரமும், இவை அனைத்துக்கும் சிகரமாக மஸ்லின் தலைப்பாகையுமாய் நடமாடிய ஒரு புருஷ வர்க்கமே சந்தடியின்றி மறைந்துபோனதற்கு ஓர் அனுதாபத் தீர்மானங்கூட நிறைவேறவில்லை என்பது எனக்கு வெகுநாளைய மனக்குறை.

வக்கீலாயிருந்த என் பாட்டனார், கஞ்சி போட்ட நீளத் துணியை, மடக்கிய முழங்காலையே சிரசாகப் பாவித்து மடிப்புக் குலையாமல் சுற்றி, அலுங்காமல் எடுத்துத் தலையில் ஏற்றுவார். அச்சமயம் வீட்டில் யாரும் தும்மக்கூடாது. உள்ளே குடுமி எந்த அலங்கோலத்தில் கிடந்தாலும் கட்சிக்காரருக்குத் தெரியப்போவதில்லை.

என் அபிப்பிராயத்தில், பாகைக்கு எமனாக வந்தது கிராப்புதான். எண்ணெய் தடவி, கண்ணாடி முன் நின்று, வகிடெடுத்து வாரிய கேசத்தைத் துணி போட்டு மூட எந்த வாலிபனுக்கு மனம் வரும்? காந்தியடிகள்மீது பழி போடுவோரும் உண்டு. ஆனால் 1921 செப்டம்பரில் மதுரையில் அவர் சட்டையையும் குல்லாவையும் துறந்த பின்னரும், அவருடைய சீடர்கள் சட்டையையும் விடவில்லை, குல்லாவையும் விடவில்லை. 1930இல் ஸ்டாக்ஹோமில் நோபல் பரிசு பெற்ற சர் சி. வி. ராமனும், 1962இல் ராஷ்டிரபதியான ராதாகிருஷ்ணனும் பாகையைக் கைவிடாதவர்கள். அவர்களுக்குப் பின் அது பெரும்பாலும் படங்களோடு சரி.

ஆயினும் பாகை மாண்டுவிடவில்லை. அதற்கு நேர்ந்தது உத்தியோக மாற்றம். சென்னை ஹைக்கோர்ட்டில் நீதிபதி வெறுந்தலையராய்ப் பின்னே வர, முன்னே செங்கோல் ஏந்தி நடக்கும் டபேதாரின் தலையில் அது சிவப்பாக வீற்றிருக்கிறது. பெரிய ஹோட்டல்களில் கதவைத் திறந்துவிடுபவர் மகாராஜா வேஷத்தில் நிற்க, உள்ளே நுழைகிற லட்சாதிபதி அரைக்கால் சட்டையில் போகிறார். மரியாதை பெறுகிறவர் கழற்றிப் போட்டதை மரியாதை செய்கிறவர் தலையில் கட்டிவிட்டோம்.

சமீபத்தில் எங்கள் உறவில் ஒரு கல்யாணம். அப்படிப்பட்ட ஒரு ஹோட்டலில்தான் வரவேற்பு. வடநாட்டுப் பாணியில் வாடகைக்கு எடுத்த ஜரிகைப் பாகையும் நீள அங்கியுமாக, விருந்தினரை எதிர்கொண்டழைக்க வாசலிலேயே வந்து நின்ற மாப்பிள்ளையின் கையில், அவசரமாக இறங்கிய ஒரு பெரிய மனிதர் கார் சாவியைத் திணித்து, நிழலாகப் பார்த்து நிறுத்தும்படி உத்தரவிட்டுவிட்டு உள்ளே போனார். சம்பந்தி வீட்டுப் பிரமுகராயிருக்குமோ என்ற பயத்தில் மாப்பிள்ளையும் மறுபேச்சின்றி நிறுத்திவிட்டு வந்தார்.