பொம்மைக்குக் கூட்டம், புதுமுகத்துக்கு?

கேள்வி: பிக்ஸார் படங்களில் எதற்கு ஆவலோடு காத்திருக்கிறீர்கள்? அடுத்தடுத்த பாகங்களுக்கா, புதுக்கதைகளுக்கா?

பதில்: புதுக்கதைகளுக்குத்தான். 'இன்க்ரெடிபிள்ஸ்' இரண்டாம் பாகம் 14 வருடம் கழித்து, 2018-இல் வந்தது. முதல் படம் பார்த்த பையன்களுக்கு மீசையே முளைத்துவிட்டது. படத்தில் வரும் ஜாக்-ஜாக் மட்டும் அதே கைக்குழந்தை! அவன் கொல்லைப்புறத்தில் ரக்கூனோடு கட்டிப்புரண்டு சண்டை போட்டதற்கு வயிறு வலிக்கச் சிரித்தேன். ஆனால், 1995-இல் 'டாய் ஸ்டோரி'யும் யாருக்கும் தெரியாத புதுக்கதைதானே? 2024-இல் 'இன்சைட் அவுட் 2' 160 கோடி டாலருக்கு மேல் அள்ளியது. மறுவருடம் வந்த புதுக்கதை 'எலியோ'வுக்கோ பிக்ஸார் வரலாற்றிலேயே மிகக் குறைந்த தொடக்க வசூல். மனசு கேட்கவில்லை. அடுத்த புதுக்கதைக்கு முதல் வாரமே பிள்ளைகளோடு போய்விடுங்கள். 'டாய் ஸ்டோரி 5'க்கு நான் சொல்லாமலே போவீர்கள்!